பிடி மாவு

உ

கல்லிடைக்குறிச்சி
8-12-96

அன்பு மகள் விஜயஸ்ரீக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் இருக்கிறபடி இருக்கிறோம், உடம்புக்குக் குறை ஒன்றும் இல்லை. அங்கே பிலாய்க் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் இழுத்துப் போர்த்திக்கொண்டு சுகமாக இருக்க காந்திமதி அம்மை துணை இருக்க வேண்டும். உன் கடிதம் வந்து சேர்ந்தது. ஆனியில் வந்து ஐப்பசியில் திரும்பவும் வந்த காமாலை முழுவதும் இறங்கிவிட்டது, ரத்தம் பார்த்ததில் எல்லாம் சரியாக இருக்கிறது, ஆபீசுக்கும் போக ஆரம்பித்துவிட்டேன் என்று நீ எழுதியதைப் படித்த பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது. உனக்காகத் திருச்செந்தூருக்கு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்திருக்கிறேன், மாசியில் கொண்டுபோய்ச் செலுத்திவிடுகிறேன். அப்பா உன் கடிதத்தை இரண்டு தடவை சத்தமாக வாசித்தார். பள்ளிக்கூடத்தை விட்டு ஓய்வாகி வந்த பிறகும் வீட்டையே வகுப்பாக நினைத்துக்கொண்டிருக்கிறார், வாசித்து முடித்ததும் நான் கேள்வி கேட்க வேண்டும் போலப் பார்க்கிறார். மாப்பிள்ளை கணேஷ்ராமிடம் நாங்கள் விசாரித்ததாகச் சொல். நீ படுக்கையில் கிடந்த நாளெல்லாம் அவர்தான் கஞ்சி வைத்துக் கொடுத்தார் என்று எழுதியிருந்தாய், அதை நான் தெருவில் நாலு பேரிடம் சொல்லியாகிவிட்டது.

அப்பளக் கொட்டகை எப்படி நடக்கிறது என்று நீ கேட்ட கேள்விக்குப் போன இரண்டு கடிதத்திலும் நான் பதில் எழுதவில்லை. நோயாளிப் பிள்ளைக்கு இதையெல்லாம் எழுதுவானேன் என்று விட்டேன். இப்போது எழுதுகிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படி. ஏனென்றால் எனக்கு உன்னிடம் கேட்க ஒரு கேள்வி இருக்கிறது, நம் குடும்பத்தில் அதைக் கேட்க உன்னை விட்டால் ஆள் இல்லை. ஆயிரக்கணக்கான பேர் வேலை பார்க்கிற தொழிற்சாலையில் யாருக்கு எத்தனை நாள் லீவு, யாருக்கு என்ன சம்பளம் என்று பார்க்கிற பிரிவில் நீ உட்கார்ந்திருக்கிறாய். நம்மிடம் இருந்தது ஒன்பது பேர். ஒன்பது பேருக்கு எனக்கு வழி தெரியவில்லை.

நீ ஆனியில் முதல் தடவை காமாலையில் படுத்திருந்தபோது, சம்பளம் பிடிக்காமல் முழுதாக பேங்கில் போட்டுவிட்டார்கள் அம்மா, கவலைப்படாதே என்று எழுதியிருந்தாய் அல்லவா. அந்தச் சந்தோஷத்தில் நான் அதைக் கொட்டகையில் போய்ச் சொன்னேன். எல்லாரும் மாவில் கை வைத்தபடி நிமிர்ந்து பார்த்தார்கள். சுடலைவடிவு இருக்கிறாளே, நீ பாவாடை கட்டின நாளிலிருந்து நம்மிடம் தேய்க்கிறவள், அவள்தான் கேட்டாள், எக்கா, நெசமாவா, படுத்துக் கெடந்தா சம்பளம் வருமாக்கும் என்று. ஆமாம், அது சட்டம் என்றேன். அப்பம் நானும் விஜி ஊருக்கே போயிருதேன், அங்கனயும் அப்பளம் திம்பாங்கல்லா என்று அவள் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்போதே அவளுக்குப் படி ஏறினால் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. ஆடி மாதம் பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனபோது, இதயத்தில் வால்வு சுருங்கியிருக்கிறது, ஆறு மாதமாவது கையை அசைக்காமல் படுத்திருக்க வேண்டும், பிறகுதான் ஆபரேஷனைப் பற்றிப் பேச முடியும் என்று சொல்லிவிட்டார்கள். அவள் புருஷன் சுடலையாண்டி செங்கல் சூளைக்குப் போகிறவன், மழை விழுந்தால் அவனுக்கும் வேலை கிடையாது. இ.எஸ்.ஐ. என்று ஒன்று இருக்கிறதே என்று கேட்பாய். அதை நம் கணக்கு பார்க்கிற தானியேல் சாரிடம் முதல் நாளே கேட்டேன். மோட்டாரில் மாவு இடிக்கிற இடமென்றாலும் பத்துப் பேராவது இருந்தால்தான் அது உண்டு, உங்களை மாதிரி சின்ன இடத்துக்குக் கிடையாது என்றார். ஒரு ஆள் கூட இருந்திருந்தால் அவளுக்கு மருந்தும் கிடைத்திருக்கும், படுத்த நாளுக்குப் பணமும் கிடைத்திருக்கும். அந்த ஒரு ஆளுக்குக் கூலி கொடுக்க என்னிடம் வரும்படி இல்லை.

நம் கொட்டகையில் சுகமில்லாதவளுக்கு என்ன வழக்கம் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். காலையில் மாவை இடித்து ஆளுக்கு ஆள் நிறுத்துக் கொடுத்ததும், ஒவ்வொருத்தியும் தன் பங்கிலிருந்து ஒரு பிடி கிள்ளி, வராதவளுடைய பலகையில் வைப்பாள். பிடி போடுவது என்று அதற்குப் பெயர். சாயங்காலம் கிளம்பும் முன்னால் அந்தப் பலகையைச் சுற்றி உட்கார்ந்து எல்லாருமாக அதைத் தேய்த்துக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அந்தக் கூலி படுத்திருக்கிறவள் வீட்டுக்குப் போய்விடும். யூனிஸ் பிரசவத்துக்குப் போனபோதும் அப்படித்தான், ஆசியா உம்மாளுக்குக் கண் ஆபரேஷன் ஆனபோதும் அப்படித்தான். இதை நான் ஏற்பாடு செய்யவில்லை, அவர்களாகவே வைத்துக்கொண்டது. நான் செய்ததெல்லாம், அந்தப் பலகையில் வேலை நடந்தால் அவளுக்கு ஆஜர் போட்டுவிடுவது. வேலை வந்துவிட்டதே, பிறகு ஆள் வரவில்லை என்று எப்படி எழுதுவது. எனக்கு அதில் ஒரு தப்பும் தெரிந்ததில்லை, இப்போதும் தெரியவில்லை.

ஆவணியில் ஒரு நாள் முற்பகல் லேபர் ஆபீசிலிருந்து ஒருவர் வந்தார். சேலத்துப் பக்கத்து ஆள், சின்ன வயது, செருப்பை வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். அப்பா அவரைப் பார்த்ததும் இன்ஸ்பெக்ஷன் நாளில் வகுப்பில் நிற்கிறவர் போல எழுந்து நின்றுகொண்டு, பிளீஸ் கம் சார், பிளீஸ் கம் சார் என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார். காப்பி கொடுத்தேன், வேண்டாம் என்றுவிட்டார். ஆஜர் ஒன்பது இருக்கிறது, தலை எட்டுத்தான் இருக்கிறது, ஒன்பதாவது ஆள் எங்கே என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், வடிவைக் காப்பாற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டு நம் பெண்கள் ஆரம்பித்துவிட்டார்கள். ஆசியா உம்மாள், இப்பம்தான் ஆத்துக்குக் குளிக்கப் போயிருக்கா சார் என்றாள். அதே மூச்சில் யூனிஸ், பிள்ளைக்கு மருந்து வாங்க அம்பைக்குப் போயிருக்கா என்றாள். பின்னாலிருந்து இன்னொருத்தி, இன்னா பின்னால ஒதுங்கப் போயிருக்கா, வந்துருவா என்றாள். ஒரே நேரத்தில் மூன்று இடத்துக்குப் போன மனுஷியை நினைத்து அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு எழுத ஆரம்பித்தார். இல்லாத ஆளின் பெயரைச் சேர்த்து அந்தக் கூலியை நான் எடுத்துக்கொள்வதாக அவர் நினைத்துவிட்டார். நான் பிடி போடுகிற விஷயத்தைச் சொன்னேன். மூன்று பொய்க்கு அப்புறம் வருகிற உண்மையை யார் நம்புவார்கள் விஜி. நான் அவர் இடத்தில் இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

இதற்குள் யாரோ ஒருத்தி புத்திசாலித்தனமாக வடிவு வீட்டுக்கு ஓடியிருக்கிறாள். எங்கள் யாருக்கும் தெரியாது. அவர் எழுதிக்கொண்டிருக்கும்போதே வாசலில் நிழல் விழுந்தது, பார்த்தால் வடிவு. தலை வாரவில்லை, உதடு நாவல்பழம் தின்றது போல இருக்கிறது. நேராக வந்து அவள் பலகைக்கு முன்னால் உட்கார்ந்தாள், குழவியை எடுத்தாள், தேய்க்க ஆரம்பித்துவிட்டாள். நாந்தாம்யா சுடலைவடிவு, தெனமும் வாரேன், இந்தா பாருங்க, இன்னைக்குத்தான் செத்த அங்கன போயிருந்தேன் என்றாள். ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் மூச்சு இழுக்கிறது. உடம்பு சரியில்லையாம்மா உங்களுக்கு என்று அவர் கேட்டார். எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன் என்றாள். ரெண்டு அப்பளம் தேய்த்திருப்பாள், மூன்றாவதை விரித்துக்கொண்டிருக்கும்போது அப்படியே பலகையில் தலையைச் சாய்த்துவிட்டாள். நான் எழுந்திருக்கும் முன்னால் அந்த மனுஷர்தான் ஓடிப்போய்க் குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு வந்தார். அவள் நெற்றியெல்லாம் மாவு. ஆசியா உம்மாள் முந்தானையால் துடைத்துவிட்டுக்கொண்டே என்னைப் பார்த்து அழுதாள்.

அவள் எழுந்து உட்கார்ந்த பிறகு அவர் இன்னொன்றும் எழுதினார். சம்பளத்தோடு நோய் விடுப்புக் கொடுக்காமல், உடம்பு சரியில்லாத பெண்ணை வேலை செய்ய வைத்திருக்கிறீர்கள் என்று. வராதவளுக்கு ஆஜர் போட்டது ஒரு குற்றம், அவள் வந்து உட்கார்ந்தது இன்னொரு குற்றம். கூலியும் சர்க்காரின் குறைந்தபட்சக் கூலி உத்தரவில் சொன்னதைவிடக் குறைவு, அது மூன்றாவது, அது உண்மை, அதை நான் மறுக்கவில்லை. கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே என்னிடம் மட்டும் மெதுவாக, நீங்க சொன்னதை இப்ப நம்புறேன்மா, ஆனா நான் எழுதலைன்னா என்னை எழுதிடுவாங்க என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

நீ போன கடிதத்தில், சட்டம் சொல்கிற கூலியைக் கொடுத்துவிடு அம்மா, அது அவர்களுடைய உரிமை என்று எழுதியிருந்தாய். சரிதான் தாயே. ஒரு நாள் முழுக்கக் குனிந்து தேய்க்கிறவளுக்கு அந்தக் கூலி அதிகம் என்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். உத்தரவு வந்ததும் என்னால் முடிந்த மட்டும் கூட்டித்தான் கொடுத்தேன். மீதியையும் கூட்டலாம் என்று புனலூர் வியாபாரிக்குக் கட்டுக்கு இவ்வளவு ஏறும் என்று சொல்லி அனுப்பினேன். மதுரையிலிருந்து மிஷின் அப்பளம் உங்கள் பழைய விலையைவிடக் குறைவாக வருகிறது, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று பதில் வந்துவிட்டது. இருபது வருஷமாக நம்மிடம் எடுக்கிறவர். அப்பா ஒரு தாளில் கூட்டிக் கூட்டிப் பார்த்தார். எப்படிப் போட்டாலும் எனக்கு ஒன்றும் மிஞ்சாது என்பது போகட்டும், உளுந்துக்காரனுக்குக் கொடுக்கவே காணாது. அப்புறம் நம் தொழில் வெயிலை நம்பின தொழில். ஐப்பசி கார்த்திகையில் வெயில் கிடையாது, பாதி நாள் அப்பளம் கிடையாது. பலகையே எடுக்காத நாளில் ஒருத்திக்கு ஒரு நாள் கூலி என்றால் எவ்வளவு, அதில் நோய்க்கு எத்தனை நாள் என்று தானியேல் சாரையே கேட்டேன். அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

கடைசியில் அவர்தான் ஒரு வழி சொன்னார். கொட்டகையை மூடிருங்க, மாவை வீட்டுக்குக் குடுத்துவிடுங்க, அவங்கவங்க வீட்டுல தேய்ச்சுக் கொண்டாந்து தந்துட்டுக் கூலி வாங்கிட்டுப் போகட்டும், அப்படின்னா யாரும் வந்து தலையை எண்ண முடியாது, உங்களுக்கு ஆளே கிடையாது என்றார். அதுவும் சட்டப்படி சரியா என்று கேட்டேன். சரியான்னு கேக்காதிய, எல்லாரும் இப்பம் அப்படித்தான் செய்யுதாங்க என்றார். உங்களுக்கு ஆளே கிடையாது என்று அவர் சொன்னது எனக்கு இன்னும் காதில் கிடக்கிறது. புரட்டாசி பிறந்ததும் பெண்களைக் கூப்பிட்டுச் சொன்னேன். சண்டை போடுவார்கள் என்று நினைத்தேன், போடவில்லை. யூனிஸுக்குச் சந்தோஷம்தான், கைப்பிள்ளையை வைத்துக்கொண்டு வீட்டிலேயே தேய்க்கலாம். ஆசியா உம்மாள்தான், அப்பம் வடிவு பலகைக்குப் பிடி எங்கன போட என்று கேட்டாள். தேய்த்ததில் ஒரு பங்கைத் தனியாகக் கொண்டுவந்து என்னிடம் தாருங்கள், நான் சேர்த்து அவளுக்குக் கொடுக்கிறேன் என்றேன். சரி என்றார்கள். ஆளுக்கு ஒரு பலகையைத் தலையில் வைத்துக்கொண்டு பின்வாசல் வழியாகப் போனார்கள்.

முதல் வாரம் எல்லாரும் கொண்டுவந்தார்கள். மறுவாரம் பாதிப் பேர். அப்புறம் மழை பிடித்துக்கொண்டது. வீட்டில் ஒழுகுகிறது, மாவு வேர்க்கிறது, பிள்ளைகள் மிதிக்கிறார்கள், அவர்கள் பங்கே தேறவில்லை. யார் மேலும் குற்றம் சொல்ல மாட்டேன். ஒரே இடத்தில் உட்கார்ந்திருந்தபோது பக்கத்தில் இருக்கிறவள் கிள்ளி வைத்தால் இவளும் கிள்ளி வைப்பாள், பலகை கண் முன்னால் கிடக்கும். அவரவர் வீட்டுக்குள் அந்த ஞாபகம் எத்தனை நாள் இருக்கும். ஆசியா உம்மாள் மட்டும் இன்றைக்கும் ஒரு சின்னப் பொட்டலம் கொண்டுவருகிறாள், அதை என் முகத்தைப் பார்க்காமல் வைத்துவிட்டுப் போகிறாள்.

நீயே கொடுத்திருக்கலாமே என்று உனக்குத் தோன்றும். கொண்டுபோனேன் விஜி. அப்பாவின் பென்ஷனிலிருந்து எடுத்து, இதை வைத்துக்கொள் என்று கையில் திணித்தேன். வாங்க மாட்டேன் என்றுவிட்டாள். அவங்க பிடின்னா நான் எந்திரிச்சு வந்து திருப்பிப் போட்டிருவேன், யூனிஸுக்கு நான் போட்டேன், அவ எனக்குப் போடுதா, உங்களுக்கு நான் என்னத்தத் திருப்பிப் போட என்றாள். அரிசி அனுப்பினால் எடுத்துக்கொள்கிறாள், பணம் என்றால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அதோடு விட்டாளா. மறுநாளே சுடலையாண்டி தூக்குச்சட்டியோடு வந்து வாசலில் நிற்கிறான், எல்லாருக்கும் மாவு குடுக்கிய, எனக்கும் குடுங்கன்னு கேட்டு வாங்கியாரச் சொன்னா என்று. நான் திட்டி அனுப்பினேன். அடுத்த நாளும் வந்தான். அதற்கு அடுத்த நாளும் வந்தான், அன்றைக்கு அவனும் சாப்பிடவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. கொட்டகை இருந்தபோது நீ வரக்கூடாது என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் இருந்தது. இப்போது அவள் என் ஆள் இல்லை, அவள் வீட்டில் அவள் என்ன செய்கிறாள் என்று கேட்க நான் யார். மாவு கொடுத்தால் அவள் உயிருக்கு ஆகாது, கொடுக்காவிட்டால் அடுப்புக்கு ஆகாது. ரெண்டையும் யோசித்துக்கொண்டு நின்றேன், பிறகு உள்ளே போய் அரைக் கிலோ நிறுத்துச் சட்டியில் போட்டேன். போட்டுவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். அப்பா வந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்.

போய்ப் பார்த்தேன். பலகையை இரண்டு செங்கல் மேல் வைத்து, இவள் பக்கவாட்டில் படுத்துக்கொண்டு ஒற்றைக் கையால் தேய்க்கிறாள். கொஞ்சம் தேய்க்கிறாள், கண்ணை மூடிக்கொள்கிறாள், மறுபடி தேய்க்கிறாள். என்னைக் கண்டதும், பாத்தியளா, படுத்துக் கெடந்தே சம்பளம் வாங்குதேன், விஜிகிட்ட எழுதுங்க என்று சிரித்தாள். அதனால்தான் எழுதுகிறேன்.

நான் கேட்க வந்தது இதுதான். நீ பார்க்கிற சட்டப் புத்தகங்களில் எங்கேயாவது, சின்ன இடத்தில் வேலை செய்கிறவள் படுத்துக்கொண்டால் அவளுக்கு யாராவது கொடுப்பார்கள் என்று ஒரு வரி இருக்கிறதா. முதலாளி கொடுக்க வேண்டும் என்று இருந்தால் அது எனக்குத் தெரியும், அதை நான் கேட்கவில்லை. சர்க்காரோ, சங்கமோ, ஏதாவது ஒன்று. கொட்டகையை மறுபடி திறந்தால் அதற்கு வழி உண்டு என்று நீ எழுதினால் நான் நாளைக்கே திறக்கிறேன், அபராதம் கட்டச் சொன்னால் என் வளையலை வைத்துக் கட்டுகிறேன். இல்லை என்றால் இல்லை என்று எழுதிவிடு. சுற்றி வளைத்து எழுதாதே. தை பிறந்ததும் அவளைத் திரும்ப ஹைகிரவுண்டுக்குக் காட்ட வேண்டும், ஆறு மாதம் படுத்திருந்தாளா என்று டாக்டர் கேட்பார், நான்தான் பக்கத்தில் நிற்பேன்.

நீயும் மாப்பிள்ளையும் நீண்ட ஆயுளோடும் நிறைந்த மனசோடும் இருக்க வேண்டும். தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்காதே, கடையில் ஒன்றும் வாங்கித் தின்னாதே. வேலைக்குச் சேர்ந்துவிட்டாய் என்பதற்காக ஓடி ஓடிச் செய்யாதே, மீதி லீவு இருந்தால் போடு, கொடுத்து வைத்திருக்கிறாய், அதற்கு வெட்கப்பட வேண்டாம். இந்தக் கடிதத்தோடு அப்பளப் பார்சல் ஒன்று அனுப்பியிருக்கிறேன். மேலே இருக்கிற கட்டு மாப்பிள்ளைக்கும் அக்கம்பக்கத்தாருக்கும். அடியில் பழைய நியூஸ் பேப்பரில் தனியாகச் சுற்றி ஒன்று இருக்கிறது. அது வட்டமாக இருக்காது, ஒரு பக்கம் தடிப்பாகவும் ஒரு பக்கம் கிழிந்தும் இருக்கும், வியாபாரிக்கு அனுப்ப முடியாது. நல்ல அப்பளத்துக்கு உள்ள கூலியைத்தான் கொடுத்து வாங்கினேன், அது வடிவுக்குத் தெரியாது. அதை யாருக்கும் கொடுக்காதே. காமாலை வந்த உடம்பு, எண்ணெயில் பொரிக்காமல் தணலில் சுட்டு, நீயே சாப்பிடு. சாப்பிட்டுவிட்டு எனக்குப் பதில் எழுது.

இப்படிக்கு
உன் அம்மா
பிரம்மநாயகி குமரகுருபரன்